பல வருஷம் முன்னாடி கடத்தப்பட்ட குழந்தைய இன்னைக்கு எப்படித் தேடறது: வீட்டு ஆளுங்களுக்கான வழிகாட்டி

எங்க பெரியம்மா பையன ஒன்றரை வயசுல ஒரு பொம்பள தூக்கிட்டுப் போயிட்டா. அது நடந்து 31 வருஷம் ஆச்சு, நான் அப்போ பொறக்கவே இல்ல, ஆனா வீட்டுல அவன் பேரு அடிபடாத நாள் கிடையாது. நாலு வருஷம் முன்னாடி பெரியப்பா தவறிட்டார், அப்போதான் எனக்கு ஒன்னு உறைச்சது, அந்த நாளப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது மொத்தமும் அவரோடயே போயிடுச்சு, யாரும் உக்காந்து கேட்டு எழுதல, அவர் டிஎன்ஏ கூட எங்கயும் பதிவாகல. அதுக்கப்புறம்தான் இத நான் கையில எடுத்தேன். பையன் இன்னும் கிடைக்கல, அத இப்பவே சொல்லிடறேன். ஆனா எத மொதல்ல செஞ்சிருக்கணும், எத செஞ்சிருக்கவே கூடாதுன்னு இப்போ தெளிவாத் தெரியுது, உங்க வீட்டுலயும் இப்படி ஒரு இடம் காலியா இருந்தா உங்களுக்கு உதவும்னுதான் எழுதறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கோங்க. நீங்க தேடறது போட்டோல இருக்கற குழந்தைய இல்ல. அது இப்போ வளர்ந்த ஆளு, வேற பேரு, வேற பொறந்த தேதி, வேற அப்பா அம்மா, தான் கடத்தப்பட்டோம்னே தெரியாம இருக்கலாம், இல்ல ஏதோ இடிக்குதேன்னு அந்தப் பக்கத்துல இருந்து தேடிட்டும் இருக்கலாம். அதனால ஊர் ஊரா அலையறத விட, அந்த ஆளு தேட ஆரம்பிச்சா நீங்க கண்ணுல படற மாதிரி இருக்கறதுதான் முக்கியம். நியூயார்க் ஹார்லெம் ஆஸ்பத்திரியில 1987ல 19 நாள் குழந்தையா தூக்கிட்டுப் போன கார்லினா வைட் கதை அப்படித்தான் முடிஞ்சது, போலீஸ் கண்டுபிடிக்கல, அந்தப் பொண்ணே வளர்ந்து, தன்னோட பர்த் சர்டிஃபிகேட் சரியில்லன்னு சந்தேகப்பட்டு, காணாமப் போன குழந்தைங்க போட்டோவ எல்லாம் பாத்து, தன் முகத்த தானே அடையாளம் கண்டு 2011ல அம்மாகிட்ட வந்து சேர்ந்தாங்க. அந்தப் போட்டோ அங்க இல்லாம இருந்திருந்தா?

சீனாவுல லி ஜிங்வேன்னு ஒருத்தர், 1989ல நாலு வயசுல கடத்தப்பட்டவர். அப்பா அம்மா பேரு ஞாபகம் இல்ல, ஊர் பேரு ஞாபகம் இல்ல, ஆனா ஊரு எப்படி இருந்துச்சுங்கறது அப்படியே மனசுல இருந்துச்சு, பள்ளிக்கூடம், மூங்கில் காடு, குளம் எல்லாத்தையும் கையால மேப்பா வரைஞ்சு 2021 டிசம்பர்ல வீடியோவா போட்டார், அடுத்த ஜனவரி 1ஆம் தேதி அம்மாவப் பாத்துட்டார். அவர் வரைஞ்ச மேப்புக்கு அந்தப் பக்கத்துல பொருந்தறதுக்கு ஒரு ஊரும் ஒரு அம்மாவும் இருந்ததாலதான் அது நடந்துச்சு. அந்தப் பக்கம் நீங்க இருக்கணும். நியூயார்க்ல 1979ல ஈடன் பேட்ஸ்ங்கற ஆறு வயசுப் பையன் காணாமப் போனான், அவன் அப்பா அம்மா பல வருஷம் வீட்டயும் மாத்தல, போன் நம்பரையும் மாத்தல, பையன் கூப்பிட்டா எடுக்கணுமேன்னு. உங்க பழைய நம்பர் கேஸ் ஃபைல்ல இருக்குன்னா அந்த நம்பர விட்டுடாதீங்க, விட்டுட்டீங்கன்னா இன்னைக்கே புது நம்பர எழுத்துல கொடுத்து ஃபைல்ல ஏத்தச் சொல்லுங்க.

மொதல்ல வயசானவங்க

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி, டிஎன்ஏ கிட் வாங்கறதுக்கு முன்னாடி, பேப்பர் தேடறதுக்கு முன்னாடி, அந்த நாள நேர்ல பாத்தவங்க யாரெல்லாம் இன்னும் உயிரோட இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. வயசு அதிகமா இருக்கறவங்க மேல, உடம்பு சரியில்லாதவங்க அதுக்கும் மேல. அந்த வரிசையில போய் உக்காந்து கேளுங்க.

கேக்கறதுல ஒரு முறை இருக்கு. எல்லாரையும் ஒன்னா உக்கார வெச்சுக் கேக்காதீங்க, ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் மண்டையில ஏத்திக்குவாங்க, முப்பது வருஷமா வீட்டுல சொல்லிச் சொல்லி ஏற்கனவே ஒரே கதையா கெட்டிப்பட்டுப் போயிருக்கும். தனித்தனியா கேளுங்க, ரெக்கார்டு பண்ணுங்க, கேள்விக்குள்ள பதில வெக்காதீங்க. "அந்தப் பொம்பள உயரமா இருந்தாளா"ன்னு கேக்கக் கூடாது, "அவளப் பத்தி சொல்லுங்க"ன்னு விட்டுடணும், நடுவுல பேசக் கூடாது, தப்பா சொல்றாங்கன்னு தெரிஞ்சாலும் திருத்தக் கூடாது. 1980கள்ல ரெண்டு அமெரிக்க உளவியல் ஆளுங்க, ஃபிஷர், கைசல்மன்னு பேரு, சாட்சிகள விசாரிக்கறதுக்கு ஒரு முறையே உருவாக்கினாங்க, அந்த இடத்துக்கு மனசால திரும்பிப் போகச் சொல்றது, வெயிலா மழையா, என்ன சத்தம் கேட்டுச்சு, என்ன வாசன அடிச்சுதுன்னு கேக்கறது, அப்புறம் கடைசியில இருந்து பின்னாடி நோக்கிச் சொல்லச் சொல்றது. இது வீட்டுல செய்யறதுக்குக் கஷ்டமே இல்ல, பொறுமை மட்டும் வேணும்.

எங்க பெரியம்மாகிட்ட இப்படிக் கேட்டப்போ நடந்தத சொல்றேன். 31 வருஷமா அவங்க சொல்ற கதை ஒன்னுதான், ரயில்வே ஸ்டேஷன்ல கூட்டம், பக்கத்துல பச்சைப் பையோட ஒருத்தி உக்காந்திருந்தா, டிக்கெட் எடுக்கத் திரும்பினேன், பாத்தா புள்ளயக் காணோம். நான் என்ன பாத்தீங்கன்னே கேக்கல, காதுல என்ன கேட்டுச்சு பெரியம்மான்னு மட்டும் கேட்டேன். கண்ண மூடிட்டு ரொம்ப நேரம் இருந்தாங்க. அப்புறம், "அவ அவன கூப்பிட்டாடி"ன்னாங்க. எப்படின்னு கேட்டா வீட்டுல மட்டும் கூப்பிடற செல்லப் பேரச் சொல்லி. சொல்லிட்டு அவங்களே என்னைப் பாத்து முழிச்சாங்க, அவளுக்கு அந்தப் பேரு எப்படித் தெரியும்னு. போலீஸ் ஃபைல்ல இருக்கற அவங்க வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம், அதுல இது இல்ல. அந்தப் பொம்பள பெரியம்மா பக்கத்துல நின்னு கொஞ்ச நேரமாவது கேட்டுட்டு இருந்திருக்கணும், இல்ல அதுக்கு முன்னாடியே தெரிஞ்சவளா இருக்கணும். ரெண்டுல எதுன்னு தெரியாது, ஆனா இப்போ அது ஃபைல்ல இருக்கு.

கேட்டு முடிச்சதும் எல்லாத்தையும் ஒரே டைம்லைனா எழுதுங்க, மூணு கலர் பேனாவுல. கண்ணால பாத்தது ஒரு கலர், யாரோ சொல்லிக் கேட்டது ஒரு கலர், நாமளே யூகிச்சது ஒரு கலர். எழுதி முடிச்சிட்டுப் பாத்தா நமக்கு "தெரியும்"னு நம்பிட்டு இருந்ததுல பாதி மூணாவது கலர்ல இருக்கும். எங்களுக்கு அப்படித்தான் இருந்துச்சு, மனசு விட்டுப் போச்சு, ஆனா அதுக்கப்புறம்தான் யாரப் போய் எத கேக்கணும்னு தெளிவாச்சு.

டிஎன்ஏ, இத தள்ளிப் போடாதீங்க

குழந்தையோட டிஎன்ஏ நம்மகிட்ட இல்லயேன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. அது வேணும்னே இல்ல. அப்பா அம்மா ரெண்டு பேரோட சாம்பிள் இருந்தா போதும், பிள்ளையோடதுல பாதி அம்மாவுது பாதி அப்பாவுது. ஒருத்தர் தவறிட்டார்னா அவரோட அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, அவர் அம்மா, அவரோட மத்த பிள்ளைங்க, இவங்க சாம்பிள் எல்லாம் சேர்ந்து அந்த இடத்த ஓரளவு நிரப்பும். ஆம்பளப் பிள்ளையா இருந்தா அப்பாவோட கூடப் பொறந்த தம்பிக்கும் அதே ஒய் குரோமோசோம்தான் இருக்கும், அம்மா வழியில வர்ற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மா, பாட்டி, சித்தி, மாமா எல்லாருக்கும் ஒன்னுதான். பெரியப்பாவுக்கு பதிலா அவர் தம்பிகிட்ட சாம்பிள் எடுத்தோம், 68 வயசு, என் அண்ணன் பிள்ளைக்கு இதக் கூட செய்ய மாட்டேனான்னு அழுதுட்டார். தவறினவங்களுக்கு எப்பவாவது ஆபரேஷன்ல சதை எடுத்து டெஸ்ட் பண்ணியிருந்தா அந்தத் துண்ட மெழுகுல பதிச்சு ஆஸ்பத்திரி லேப்ல பல வருஷம் வெச்சிருப்பாங்க, எழுதிக் கேட்டுப் பாருங்க. சில நாடுகள்ல பொறந்த குழந்தைக்கு குதிகால்ல குத்தி எடுக்கற ரத்தப் பொட்டு அட்டையும் வருஷக் கணக்கா இருக்கும், அது காணாமப் போன பிள்ளையோட சொந்த ரத்தம்.

இதுல ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு. போலீஸ்கிட்ட கொடுக்கற சாம்பிள் வேற, வீட்டுக்கு கிட் வரவழைச்சு எச்சில் துப்பி அனுப்பற கம்பெனி டெஸ்ட் வேற. போலீஸ் டேட்டாபேஸ்ல பொதுவா டிஎன்ஏல ஒரு இருபது சொச்சம் இடத்தத்தான் பாப்பாங்க, அமெரிக்க போலீஸோட டிஎன்ஏ டேட்டாபேஸான கோடிஸ்ல 2017ல இருந்து 20 இடம். கம்பெனி டெஸ்ட்டு ஆறு ஏழு லட்சம் இடத்தப் பாக்கும், அதனால தூரத்து சொந்தம் கூட மாட்டும். ரெண்டும் ஒன்னோட ஒன்னு பேசாது. ஒன்னு கொடுத்துட்டோம் அது போதும்னு இருக்காதீங்க, ரெண்டுலயும் இருக்கணும். போலீஸுக்கு உள்ளது அவங்க ஆளே முறைப்படி எடுக்கணும், வீட்டுல நாமளே பஞ்சுல எடுத்துக் கொடுத்தா செல்லாது. இன்டர்போல்ல 2021ல ஐ-ஃபமிலியான்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க, சொந்தக்காரங்க டிஎன்ஏவ வெச்சு நாடு தாண்டித் தேடறதுக்கு, அதுக்கும், காணாமப் போனவங்களத் தேடச் சொல்லி இன்டர்போல் எல்லா நாட்டுப் போலீஸுக்கும் அனுப்பற மஞ்சள் நோட்டீஸுக்கும் நாம நேரா போக முடியாது, நம்ம போலீஸ் மூலமாத்தான் போகணும், அதனால கேட்டு எழுதி வாங்குங்க.

கம்பெனி டெஸ்ட் எவ்வளவு தூரம் போகும்ங்கறதுக்கு ரெண்டு விஷயம். டெக்சஸ் ஃபோர்ட் வொர்த்ல 1971ல குழந்தைய பாத்துக்க வந்த பொம்பள தூக்கிட்டுப் போன மெலிசா ஹைஸ்மித்த 51 வருஷம் கழிச்சு 2022ல அவங்க குடும்பமே கண்டுபிடிச்சுது, அப்பா போட்ட டெஸ்ட்டுல அந்தப் பொண்ணோட பிள்ளைங்க வழியா மேட்ச் வந்துச்சு. இன்னொன்னு அமெரிக்காவோட ஓக்லாண்ட்ல, 1951 பிப்ரவரில பார்க்குல விளையாடிட்டு இருந்த ஆறு வயசு லூயிஸ் ஆல்பினோவ ஒரு பொம்பள மிட்டாய் வாங்கித் தர்றேன்னு கூட்டிட்டுப் போனா. 2020ல அவரோட சகோதரி பொண்ணு சும்மா ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, யார்னே தெரியாத ஒரு ஆளோட 22 சதவீதம் மேட்ச், மெசேஜ் போட்டாங்க, பதில் வரல. அப்படியே விட்டிருக்கலாம், விடல. 2024ல மறுபடி தேட ஆரம்பிச்சு, லைப்ரரியில மைக்ரோஃபிலிம்ல பழைய பேப்பர பாத்து, லூயிஸும் அவர் அண்ணனும் சேர்ந்து நிக்கற போட்டோவக் கண்டுபிடிச்சு, அத தூக்கிட்டுப் போலீஸுக்குப் போனாங்க. 73 வருஷம் கழிச்சு, அன்னைக்கு அதே பார்க்குல கூட இருந்த அந்த அண்ணன கட்டிப் பிடிச்சிக்கிட்டார். ரெண்டே மாசத்துல அண்ணன் தவறிட்டார். அவங்க அம்மா 2005லயே போயிட்டாங்க. வயசானவங்கள மொதல்ல பாருங்கன்னு நான் ஏன் கத்தறேன்னு இப்போ புரியும்.

அந்த 22ங்கற நம்பர எப்படிப் படிக்கறதுன்னா, ரெண்டு பேருக்கும் ஒன்னா இருக்கற டிஎன்ஏ எத்தன சதவீதம்ங்கறதுதான் அது, அப்பா அம்மா பிள்ளைக்கு நடுவுல 50, கூடப் பொறந்தவங்களுக்கும் ஏறக்குறைய 50, மாமா சித்தி, தாத்தா பாட்டி, ஒரு பக்கம் மட்டும் ஒன்னான அண்ணன் தம்பி, இவங்களுக்கெல்லாம் 25 பக்கம், எனக்கும் பெரியம்மா பையனுக்கும் இருக்கற மாதிரி உறவுன்னா 12.5 பக்கம், அதுக்கடுத்த தலைமுறை கசின்னா 3. ஒரே நம்பருக்குப் பல உறவு பொருந்தும், நம்பரப் பாத்ததும் இவன்தான்னு முடிவு பண்ணிடாதீங்க, வயசும் மத்த சொந்தங்களோட மேட்சும் சேர்த்துப் பாக்கணும். அர்ஜென்டினாவுல ராணுவ ஆட்சியில பறிகொடுத்த பேரக் குழந்தைங்களத் தேடி 1977ல பாட்டிங்க ஒன்னு சேர்ந்தாங்க, பிளாசா தெ மாயோ பாட்டிங்கன்னு பேரு. அப்பா அம்மாவக் கொன்னுட்டாங்க, பாட்டி மட்டும்தான் மிச்சம், பாட்டி ரத்தத்த வெச்சுப் பேரனக் கண்டுபிடிக்க முடியுமான்னு விஞ்ஞானிங்ககிட்ட போய்க் கேட்டாங்க, மேரி க்ளேர் கிங் மாதிரி ஆளுங்க அதுக்குக் கணக்கு போட்டுக் கொடுத்தாங்க, 1987ல அரசாங்கமே ஜெனிட்டிக் பேங்க் வெச்சுது. 130க்கும் மேல பேரன் பேத்திங்கள இது வரைக்கும் அடையாளம் கண்டிருக்காங்க. அந்தப் பாட்டிங்க கேக்கலன்னா இந்த டெஸ்ட்டெல்லாம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனிக்கு அனுப்பினா அது உங்க ஒருத்தர் விஷயம் இல்ல, குடும்பம் மொத்தத்தோட தகவலும் போகுது, வீட்டுல வேற ரகசியம் ஏதாவது இருந்தா அதுவும் வெளிய வரும். எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, சம்மதம் கேட்டுட்டுப் பண்ணுங்க.

பழைய துணி, பழைய சாமான்

பெரியம்மா அவன் போட்டிருந்த ஒரு சட்டைய பிளாஸ்டிக் கவர்ல போட்டு முடிச்சுப் போட்டு பெட்டியில வெச்சிருந்தாங்க. அவிழ்த்தப்போ உள்ள ஈரம் கோத்து, காலர் பக்கம் கருப்பு கருப்பா பூஞ்சை. அவங்க மூஞ்சியப் பாக்க முடியல. பிளாஸ்டிக்ல வெச்சா ஈரம் வெளிய போகாது, டிஎன்ஏ கெட்டுடும். பேப்பர் கவர்ல வைங்க, ஒரு பொருளுக்கு ஒரு கவர், கையுறை போட்டுத் தொடுங்க, துவைக்கவே துவைக்காதீங்க, வெயிலும் ஈரமும் படாத இடத்துல வெச்சு, மேல தேதியும் யார் எடுத்து வெச்சாங்கங்கறதும் எழுதுங்க. மொத முடி, விழுந்த பால் பல்லு, சீப்பு, எச்சில் தொட்டு ஒட்டின பழைய கடித கவர், எல்லாம் பேப்பர்ல. நீங்களே எடுத்து ஆராய்ச்சி பண்ணாம அப்படியே அதிகாரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டுக் கொடுங்க.

கடத்தின இடத்துல கிடைச்ச பொருள் ஏதாவது போலீஸ்கிட்ட இருந்தா அது இப்போ எங்க இருக்குன்னு கேளுங்க. அமெரிக்காவோட மினசோட்டால 1989ல 11 வயசு ஜேக்கப் வெட்டர்லிங்க கடத்தினான் ஒருத்தன், 27 வருஷம் யார்னு தெரியல. அதே வருஷம் ஒன்பது மாசம் முன்னாடி பக்கத்து ஊர்ல இன்னொரு பையன கடத்தி விட்டிருந்தான் அதே ஆளு, அந்தப் பையன் போட்டிருந்த சட்டையில இருந்த டிஎன்ஏ பல வருஷம் கழிச்சு புது முறையில சோதிச்சப்போ அந்த ஆளோட பொருந்திச்சு, அந்தக் கயிறப் பிடிச்சுத்தான் 2016ல ஜேக்கப்ப புதைச்ச இடம் தெரிஞ்சுது. சட்டைய யாராவது தூக்கிப் போட்டிருந்தா?

அதுலயே இன்னொரு பாடம் இருக்கு. உங்க குழந்தை காணாமப் போன அந்த வாரப் பேப்பர் மட்டும் பாக்காதீங்க, அதுக்கு முன்னாடி ஒரு வருஷம், பின்னாடி ஒரு வருஷம், சுத்து வட்டாரத்துல யாராவது குழந்தைய தூக்கப் பாத்து தப்பிச்ச செய்தி, ஆஸ்பத்திரியில நர்ஸ் மாதிரி வந்து கேள்வி கேட்ட பொம்பள, எல்லாம் தேடுங்க. கைக்குழந்தைய தூக்கற கேஸ்ல பெரும்பாலும் பொம்பளைங்கதான், அதுவும் கர்ப்பமா இருக்கேன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, குழந்தை காட்டியாக வேண்டிய நிலைமையில இருக்கறவங்க. அதனால அந்த நேரத்துல திடீர்னு குழந்தையோட வந்தவங்க யாருன்னு அக்கம் பக்கத்துல அந்தக் காலத்துல யாராவது பேசிக்கிட்டாங்களாங்கறதும் ஒரு கேள்வி.

போலீஸ்கிட்ட எப்படிப் போறது

குடும்பத்துல ஒரே ஆள் பேசணும். பத்து பேர் பத்து தடவ போனா அவங்களுக்கு எரிச்சல்தான் வரும், யார் என்ன சொன்னாங்கன்னும் தெரியாது. ஒரே ஒரு பக்கத்துல கேஸ் நம்பர், தேதி, இடம், குழந்தையோட அடையாளம், மச்சம் தழும்பு, புதுசா தெரிஞ்சது என்ன, இத டைப் பண்ணி எடுத்துட்டுப் போங்க. கேக்க வேண்டியது இதுதான்: ஃபைல் இப்போ யார் கையில இருக்கு, மூடிட்டாங்களா இல்ல திறந்துதான் இருக்கா, பொருட்கள் எங்க இருக்கு, காணாமப் போனவங்க டேட்டாபேஸ்ல பேர் ஏறியிருக்கா, அடையாளம் தெரியாத உடல்களோட ஒப்பிட்டுப் பாத்தாங்களா, எங்க டிஎன்ஏ ஏறிச்சா, எப்போ ஏறிச்சு. பதில எழுத்துல கேளுங்க. வாயால "பாத்துக்கறோம்மா"ன்னு சொன்னா நன்றி சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து அதே கேள்வியக் கடிதமா அனுப்புங்க. எங்க கேஸ்ல ஃபைலே காணோம்னு ரெண்டு வருஷம் சொன்னாங்க, மூணாவது கடிதத்துக்கு அப்புறம் வேற ஒரு ரூம்ல வேற ஒரு கேஸ் கட்டோட சேர்ந்து இருந்துச்சுன்னு கூப்பிட்டாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல, ஆனா அங்க காட்டல, ஏன்னா அந்த ஃபைலத் தேடி எடுத்தவர் புதுசா வந்த சின்னப் பையன், அவர் மேல கத்தினா அடுத்த தடவ யார் தேடுவா?

விசாரணையில போலீஸ் ஒன்னு ரெண்டு விவரத்த வெளிய சொல்லாம வெச்சிருப்பாங்க, நான்தான் செஞ்சேன்னு பொய்யா வர்றவங்களையும் நான்தான் அந்தக் குழந்தைன்னு வர்றவங்களையும் அத வெச்சுத்தான் பிரிப்பாங்க. நீங்களும் அப்படி ஒன்ன வெச்சுக்கோங்க. எல்லா மச்சத்தையும் போஸ்டர்ல போட்டுடாதீங்க. எங்க வீட்டுல அந்தச் செல்லப் பேரு எங்கயும் எழுதறதில்ல, இங்கயும் எழுத மாட்டேன்.

வயசு கூட்டி வரையற படத்துக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவுல காணாமப் போன குழந்தைங்களுக்கான தேசிய மையத்துல 18 வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ புதுசா வரையறாங்க. குழந்தை போட்டோ மட்டும் போதாது, இப்போ அந்தப் பிள்ளைக்கு இருக்கற வயசுல அப்பா அம்மா எப்படி இருந்தாங்க, கூடப் பொறந்தவங்க எப்படி இருக்காங்கங்கற போட்டோவெல்லாம் வேணும், தேடி எடுத்து வைங்க. ஆனா படத்த நம்பி அதே மாதிரி ஆளத் தேடாதீங்க, அது ஒரு யூகம்தான். பக்கத்துலயே குழந்தைப் போட்டோவையும் போடுங்க, கார்லினா வைட்டுக்கு உதவினது கைக்குழந்தைப் போட்டோ.

நம்ம கண்ணக் கட்டற விஷயங்கள்

குறி சொல்றவங்ககிட்ட போகாதீங்க. இத நான் கெஞ்சிக் கேக்கறேன். கிளீவ்லாண்ட்ல 2003ல காணாமப் போன அமாண்டா பெரியோட அம்மாகிட்ட அடுத்த வருஷம் ஒரு டிவி ஷோல குறி சொல்ற ஒருத்தங்க உங்க பொண்ணு உயிரோட இல்லன்னு சொன்னாங்க. அந்த அம்மா 2006ல மனசு உடைஞ்சே போயிட்டாங்க. பொண்ணு 2013ல உயிரோட வெளிய வந்துச்சு.

பணம் கொடுத்தா பிள்ளைய காட்டறேன்னு வர்றவங்க வருவாங்க, நிச்சயமா வருவாங்க, அதுவும் போஸ்டர்ல பரிசுத் தொகை போட்டா கியூவே நிக்கும். போன் நம்பர உங்க சொந்த நம்பரா இல்லாம தனி நம்பரா வைங்க, வர்ற ஒவ்வொரு தகவலையும் தேதி நேரத்தோட நோட்ல எழுதுங்க, பணம்ங்கற வார்த்தை வந்த நிமிஷமே போலீஸுக்கு சொல்லுங்க, தனியா யாரையும் சந்திக்கப் போகாதீங்க.

வீட்டு ஆள் மேலயே சந்தேகம் வரும், வெளியாள் கிளப்பி விடுவாங்க. கலிஃபோர்னியால 1991ல ஜேசி டுகார்ட கார்ல தூக்கிப் போட்டுப் போனத கண்ணால பாத்து சைக்கிள்ல துரத்தினவர் அந்தப் பொண்ணோட வளர்ப்பு அப்பா, அவரையேதான் வருஷக் கணக்கா சந்தேகப்பட்டாங்க, குடும்பமே சிதறிப் போச்சு. பொண்ணு 2009ல கிடைச்சது, 18 வருஷம் வெச்சிருந்தவன் பரோல்ல இருந்த குற்றவாளி, அதிகாரிங்க அந்த வீட்டுக்கே போயிட்டும் வந்திருக்காங்க. விசாரணைக்கு எல்லாரும் ஒத்துழைங்க, ஆனா சாப்பிடற இடத்துல ஒருத்தர ஒருத்தர் குத்திக் காட்டாதீங்க. ஒருத்தர் பேரப் போட்டு இவன்தான் செஞ்சான்னு வெளிய எழுதவும் எழுதாதீங்க, தப்பான ஆளா இருந்தா ஒரு குடும்பம் அழியும், சரியான ஆளா இருந்தா ஆதாரத்த அழிச்சிடுவான்.

பதில் நாம வேண்டிக்கிட்டதா இல்லாமலும் போகலாம். அடையாளம் தெரியாத உடல்களோட ஒப்பிடச் சொல்லிக் கேக்கறது துரோகம் மாதிரி இருக்கும், பெரியம்மா ஆறு மாசம் கையெழுத்துப் போடல. நான் வற்புறுத்தல. ஒரு நாள் அவங்களே வந்து "எங்க இருந்தாலும் அவன் என் புள்ளதான், தனியா கிடக்க வேண்டாம்"னு சொல்லிட்டுப் போட்டாங்க. இப்படிப் பாதி இருட்டுல வருஷக் கணக்கா நிக்கற துக்கத்துக்கு பாலின் பாஸ்ங்கற ஆய்வாளர் ஒரு பேரே வெச்சிருக்காங்க, முடிவு தெரியாத இழப்புன்னு, அழுது முடிக்கவும் முடியாது நம்பி இருக்கவும் முடியாது. உங்க வீட்டு அம்மா ராத்திரி தூங்கலன்னா அது பைத்தியம் இல்ல, பேர் இருக்கற ஒரு விஷயம், அதுக்குப் பேசறதுக்கு ஆள் இருக்காங்க, கூட்டிட்டுப் போங்க.

மேட்ச் வந்துட்டா

கை நடுங்கும். அப்பவே மெசேஜ் போடத் தோணும். போடாதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுங்க, ஃபைல் வெச்சிருக்கற அதிகாரிகிட்ட கொடுங்க, கம்பெனி டெஸ்ட் சட்டப்படி ஆதாரம் இல்ல, முறையா மறுபடி எடுத்து உறுதி பண்ணணும். தூக்கிட்டுப் போனவங்க இன்னும் அதே வீட்டுல இருக்கலாம், நீங்க போடற மெசேஜ அவங்க முதல்ல பாத்தா என்ன பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்.

அப்புறம் அந்தப் பக்கத்து ஆளையும் யோசிங்க. அவங்களுக்கு அம்மான்னா வளர்த்தவங்கதான். கேப் டவுன்ல 1997ல ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டுப் போன ஒரு பொண்ண 17 வருஷம் கழிச்சு 2015ல கண்டுபிடிச்சாங்க, எப்படின்னா பெத்தவங்களோட அடுத்த பொண்ணு அதே ஸ்கூல்ல சேர்ந்து, ரெண்டு பேரும் ஒரே அச்சா இருக்காங்கன்னு பிள்ளைங்க பேச ஆரம்பிச்சது. வளர்த்தவங்களுக்கு 10 வருஷ ஜெயில். ஆனா அந்தப் பொண்ணு வளர்ந்த பேரையேதான் வெச்சுக்கிச்சு, ஜெயில்ல இருந்த அந்த அம்மா மேல இருந்த பாசமும் போகல. பெத்தவங்களுக்கு அது எப்படி வலிச்சிருக்கும். ஆனா அந்தப் பொண்ணும் ஒரு தப்பும் பண்ணல. மொத சந்திப்புல பழைய பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க, அவங்கள எப்படிக் கூப்பிடறதுன்னு கேளுங்க, கேமராவ கூட்டிட்டுப் போகாதீங்க, வா வீட்டுக்குப் போகலாம்னு சொல்லாதீங்க, அவங்க கேக்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பெரியம்மாவுக்கு இப்போ 64. அந்த நாள் வர்றப்போ தான் இருப்போமான்னு அவங்களுக்கே சந்தேகம், அதனால போன மாசம் ஒரு குரல் பதிவு பண்ணி வெச்சோம், போன்லயும் ஒன்னு, பென் டிரைவ்ல ஒன்னு, ஃபைல்ல ஒரு காப்பி. நாலு நிமிஷம் ஓடுது. அழுவாங்கன்னு நினைச்சேன், அழல. அவன் பொறந்தப்போ மழைன்னு சொன்னாங்க, மூணு மணி நேரம் அவன் தூங்கவே இல்லன்னு சொன்னாங்க, உனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, அவளுக்கு நீ இருக்கேன்னு தெரியும்னு சொன்னாங்க, டிக்கெட் கவுண்டர் பக்கம் அஞ்சு நிமிஷம்தான் திரும்பினேன்னு சொன்னாங்க. கடைசியில, எடுத்து வளர்த்தவங்க மேல உனக்குப் பாசம் இருந்தா அத மறைக்காத, நான் ஒன்னும் நினைக்க மாட்டேன்னு சொல்லிட்டு, ரெக்கார்டிங்க எப்படி நிறுத்தறதுன்னு என்னைக் கேட்டாங்க, அதுவும் அதுல பதிவாகி இருக்கு, நான் வெட்டல.